வெள்ளிக்கிழமை மச்சம்

மில்வோக்கியில் இருக்கும் என் சித்தி மகன் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு படம் அனுப்புவான். பியர் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்த கொட் மீன், ஒரு துண்டு ரை பாண், கோவா சலாது. பக்கத்தில் பிராண்டி ஊற்றிய ஓல்ட் ஃபாஷன்ட், அதற்குள் ஒரு செரிப்பழம். விஸ்கொன்சினில் வெள்ளி இரவு என்றால் மீன் பொரியல்தானாம். கத்தோலிக்கர்கள் வெள்ளியில் இறைச்சி தொடாத காலத்துப் பழக்கம் அது. 1966இல் அமெரிக்க ஆயர்கள் தவக்காலத்துக்கு வெளியே அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டார்கள். சனம் மீனை விடவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நிலைமை நேர் எதிர். கிழமையில் ஆறு நாள் மீன் வரும், வெள்ளியில் மட்டும் மச்சம் இல்லை, மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. வியாழன் இரவே அம்மா மீன் சட்டியைத் தேய்த்து பல்கனியில் கவிழ்த்துவிடுவார். வெள்ளி காலையில் வீடு முழுக்கச் சாம்பிராணி. நான் அதற்கெல்லாம் எதிரி இல்லை. ஆனால் ஐந்து நாள் கணக்கு எழுதிக் களைத்து வெள்ளி மாலை வெளியே வருகிறவளுக்கு, கத்தரிக்காய்க் குழம்பு மட்டும் போதவில்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை.

இந்த இடத்தில்தான் என் கொட்டாஞ்சேனைத் தோழி வருகிறாள். ஒரே அலுவலகம், பக்கத்து மேசை. அவளுக்கு வெள்ளி என்றால் சுத்தபோசனம். தவக்காலத்தில் கண்டிப்பாக, மற்ற வெள்ளிகளில் அம்மம்மா வளர்த்த பழக்கத்தில். இறைச்சி இல்லை, மீன் உண்டு. ஆக ஒரே மீனை அவள் விரதம் என்று சாப்பிட, நான் விரதத்தை முறித்துச் சாப்பிடுகிறேன். போன வருடம் ஜனவரியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம்: மாதத்தில் இரண்டு வெள்ளி, கொழும்பில் நல்ல பொரித்த மீனும் நல்ல ஒரு கிளாஸும் சேர்ந்து கிடைக்கிற இடத்தைத் தேடுவது. இரண்டும் சேர்ந்து என்பதுதான் சிக்கல். மீன் நன்றாக இருக்கிற இடத்தில் குடிக்க நெக்டோ சோடா மட்டும் இருக்கும். கொக்டெயில் நன்றாக இருக்கிற இடத்தில் மீன் எந்தக் கடலில் பிறந்ததென்று அதற்கே தெரியாது.

முதல் போனது மரைன் டிரைவ் பக்கம் ஒரு மொட்டை மாடிக்கு. பெயர் வேண்டாம். மெனுவில் பொரித்த மீனும் சிப்ஸும் என்று போட்டிருந்தது. வந்ததைக் கரண்டியால் தொட்டதும் மாவு ஒரு பக்கம் கழன்று தோல் மாதிரித் தொங்கியது, உள்ளே வெள்ளையாக ஒரு சொதசொதப்பு. என்ன மீன் என்று கேட்டேன். தம்பி உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "ஃபிஷ், மிஸ்" என்றார். கொக்டெயில் நீல நிறம். சீனிப்பாணியும் ஐஸும் போக மிச்சம் எதுவோ அதுதான் சாராயம். பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வற். மெனுவில் பார்த்த விலையோடு ஏறத்தாழ முப்பது வீதம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதை 2024 ஜனவரிக்குப் பிறகு கொழும்பில் எல்லோரும் படித்துவிட்டார்கள். நாங்கள்தான் அன்றைக்கு மறந்து போனோம்.

வெள்ளவத்தையில் பீச் வாடிய இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஸ்டேஷன் ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, மணலில் கால் வைத்தால் கடை. நம் மீன் வாடியும் அதே சொல்தான். அப்பா இருந்த காலத்தில் கனடாவிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவார், மீன் பிழைத்ததாக ஞாபகம் இல்லை. எனக்கு அங்கே பிரச்சினை ஒன்றே ஒன்று: வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வெள்ளி மாலை மயூரபதி அம்மன் கோவிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அம்மாவைத் தெரியும். தெருமுனையில் ஒரு மாமி, "எங்க பிள்ளை இந்தப் பக்கம்?" என்று கேட்டால் முடிந்தது.

சரி, கொக்டெயிலுக்கு மட்டும் என்றால் காலிமுகத்திடல் ஹோட்டல். 1864இல் தொடங்கிய ஹோட்டல். கடலைப் பார்த்த முற்றத்தில் சதுரங்கப் பலகை மாதிரிக் கறுப்பு வெள்ளைத் தரை, பொழுது சாய்கிற நேரம் கொடி இறக்க ஒருவர் பைப் ஊதிக்கொண்டு வருவார். நான் அரக் சவர் கேட்டேன். அரக், தேசிக்காய்ப்புளி, கொஞ்சம் பாணி, முட்டை வெள்ளை. அதைக் கலக்கிக் கொடுத்தவர் கை தேர்ந்தவர், நுரை கடைசி மிடறு வரை நின்றது. தென்னங்கள்ளில் வடித்த அரக்குக்கு ஒரு மெல்லிய பூவாசம் உண்டு. கோலா ஊற்றினால் அது செத்துப்போகும், தேசிக்காய் ஊற்றினால் எழும்பி நிற்கும். அந்த ஒரு கிளாஸில்தான் எனக்கு அது விளங்கியது. வாத்துவ, களுத்துறைப் பக்கம் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிற்றில் நடந்து கள் இறக்குகிறவர்களை பஸ் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பாடுபட்டு இறக்கியதை நாம் கோலாவில் முக்குகிறோம்.

அன்றைக்குப் பசிக்கு எதிரே திடலில் இறால் வடை. பருப்பு வடையின் மேல் தலையோடு, ஓட்டோடு இறால், மேலே வெங்காயமும் வினாகிரிக் காரமும். கையில் ஒரு கடதாசித் துண்டு. 1859இல் ஆளுநர் வார்ட் சீமாட்டிகளும் குழந்தைகளும் காற்று வாங்க என்று போட்ட திடல். அதில் நின்று நாங்கள் காரத்தில் மூக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தோம். நல்ல மாலைதான். ஆனால் மீன் பொரியல் கணக்கில் சேராது.

இடையில் இன்னும் நான்கைந்து இடம். எல்லாவற்றிலும் ஹொட் பட்டர் கணவாய் இருந்தது, எல்லாவற்றிலும் அது சுமார்.

கடைசியில் கிடைத்தது கல்கிசையில். வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் தெஹிவளை, அடுத்தது கல்கிசை. ஸ்டேஷனில் இறங்கிக் கடற்கரைக்குப் போய், பெரிய கடைகளின் வெளிச்சமெல்லாம் முடிகிற இடத்துக்கு அப்பால் நடக்க வேண்டும். தகரக் கூரை, எட்டு மேசை, பிளாஸ்டிக் கதிரைகள் மணலில் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். பலகையில் இருந்த பெயரை உப்புக் காற்று தின்றுவிட்டது. நாங்கள் "நீலக் கதவுக் கடை" என்கிறோம். பில்லிலும் பெயர் இல்லை, கையால் எழுதிய துண்டுதான்.

மெனு கிடையாது. உட்கார்ந்ததும் ஒரு மல்லி, சிங்களத்தில் தம்பி, அலுமினியத் தட்டில் அன்றைய மீனைக் கொண்டுவந்து காட்டுவார். முதல் நாள், "தோர இல்லை மிஸ், பராவ் இருக்கு" என்றார். தோர என்றால் நம் அறக்குளா, பராவ் என்றால் பாரை. அறக்குளா இல்லாததை அவராகவே சொன்னதில் எனக்கு அரைவாசி நம்பிக்கை வந்துவிட்டது. மிச்ச அரைவாசியைத் தோழி பார்த்துக்கொண்டாள். முகத்துவாரத்தில் வள்ளம் கரையேறுவதைப் பார்த்து வளர்ந்தவள், கேட்காமலே பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். இரத்தச் சிவப்பு. மல்லி சிரித்தார். "பேலியகொட மார்க்கட் இல்ல, இங்க கரையில வாங்கினது" என்றார்.

சமையலறை என்று தனியாக இல்லை, பின்பக்கம் ஒரு கேஸ் அடுப்பும் பெரிய தாச்சியும். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், பாரையின் இரண்டு பக்கமும் விரல் இடைவெளியில் சாய்வாகக் கீறினார். மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள், தாராளமாக மிளகுத்தூள், ஒரு தேசிக்காய். அவ்வளவுதான், மாவு இல்லை. தூளைக் கீறலுக்குள் பெருவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தார், காயத்துக்கு மருந்து வைப்பது போல. அரை மணித்தியாலம் அப்படியே விட்டார். பிறகு தேங்காய் எண்ணெய். கறிவேப்பிலை ஒன்றைப் போட்டு அது வெடித்த பிறகுதான் மீன் இறங்கியது. ஒரு பக்கம் முழுதாக ஆகும் வரை அவர் அதைத் தொடவே இல்லை. எங்கள் வீட்டில் நான் செய்கிற பிழையே அதுதான்: இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பிரட்டித் தோலைக் கிழித்துவிடுவேன்.

மேசைக்கு வந்தபோது கீறல்கள் விரிந்து ஓரங்கள் கறுத்திருந்தன. வாலும் செட்டையும் அப்பளம் மாதிரி நொறுங்கின. முள்ளை ஒட்டிய இடத்தில் மட்டும் ஈரம் இருந்தது, இருக்க வேண்டிய ஈரம். கூட வந்தது மிளகாயும் உப்பும் இடித்த லுணுமிரிஸ், அரிந்த வெங்காயம், ஒரு இறாத்தல் பாணை நான்காக வெட்டிய துண்டுகள். கன்னத்துச் சதைக்குச் சண்டை வந்தது. அவள் சுத்தபோசனக்காரி என்பதால் விட்டுக்கொடுத்தேன்.

குறையும் உண்டு. கணவாய் இரண்டு தடவை ரப்பர். சிப்ஸ் வேண்டவே வேண்டாம். கை கழுவ ஒரு குழாய்தான், அதில் தண்ணீர் நூல் மாதிரி வரும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று எழும்பினால் இந்தக் கரையில் வள்ளம் இறங்குவது குறைந்துவிடும், மீன் திருகோணமலை, மன்னாரிலிருந்து ஐஸில் வரும், விலையும் ஏறும். ஓகஸ்டில் ஒரு தடவை போனபோது தட்டைக் காட்டிய மல்லியே, "இன்றைக்கு முட்டை ரொட்டி சாப்பிடுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டோம்.

குடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கடையில் சாராயம் விற்பதில்லை. போத்தலை நாமே கொண்டுபோக வேண்டும், திறக்கிறதுக்கு ஒரு சின்னத் தொகை வாங்குவார்கள். போத்தல் வாங்குவது தோழியின் தம்பி. வைன் ஸ்டோர்ஸ் கம்பி வலைக்கு முன்னால் ஆண்கள் கூட்டத்தில் கையை நீட்ட எங்களுக்கு மனமில்லை, அதுவும் 1979ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு விற்கவே கூடாது என்றது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி திரும்பவும் பூட்டினார். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. சட்டம் எப்போதும் ஒழுங்கை முனையில்தான் நிற்கும்.

அந்த மல்லி போடுகிற கலவைக்குப் பெயர் இல்லை. கிளாஸுக்குள் தோல் சீவிய இஞ்சித் துண்டு ஒன்று, காம்பு கிள்ளிய பச்சை மிளகாயில் பாதி. போத்தலின் அடிப்பக்கத்தால் இரண்டு குத்து. பிறகு ஒரு முழுத் தேசிக்காய், அரக், ஐஸ், மேலே விளிம்பு வரை ஜிஞ்சர் பியர். முதல் மிடறு இனிப்பு, பிறகு இஞ்சி, மிளகாய் காது மடலுக்குப் போய்ச் சேரச் சற்று நேரமெடுக்கும். மிளகு போட்ட மீனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் கொழும்பில் குடிக்கவில்லை. திக்கம் பனஞ்சாராயத்தில் இதே கலவையைப் போட்டால் எப்படியிருக்கும் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. பருத்தித்துறைக்குப் போகிற யாரையாவது பிடிக்க வேண்டும்.

போன முறை ஒரு கிலோவுக்குக் கிட்டப் பாரை, பாண், நான்கு ஜிஞ்சர் பியர், போத்தல் காசு எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஏழாயிரத்து நானூறு ரூபாய். சேவைக் கட்டணம் இல்லாததால் மல்லிக்குத் தனியாகக் கொடுத்தோம். ஆறரைக்கு முன் போய்விடுங்கள், ஏழுக்கு மேல் தட்டில் தெரிவு இருக்காது. உடுப்பு மாற்ற ஒன்று கொண்டுபோவதும் நல்லது, எண்ணெய்ப் புகை தலைமுடி வரை ஏறும். நான் ரயிலில் ஜன்னலோரம் நின்று காற்றில் உலர்த்தப் பார்ப்பேன், சரிவருவதில்லை. அம்மா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல், குளியலறை லைட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

முக்கியமாக, போயாவா, அதாவது பௌர்ணமி விடுமுறையா என்று நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். நாங்கள் ஒரு வெள்ளி பார்க்காமல் போய்விட்டோம். போயாவில் சாராயக் கடைகள் பூட்டியிருக்கும், நம் போத்தலையும் திறக்க விடமாட்டார்கள். மல்லி இஞ்சியும் மிளகாயும் குத்தி, வெறும் ஜிஞ்சர் பியரை ஊற்றிக் கொடுத்தார். மீன் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.