சொசைட்டியா, கம்பெனியா, வீட்டு வாடிக்கையா: பாலை எங்கே ஊற்றினால் கட்டுப்படியாகும்?

சித்தப்பா மகன் போன மாதம் இரண்டு ஜெர்சி கலப்பினம் வாங்கினான். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிய கையோடு போன். "அண்ணா, சொசைட்டியில 38ங்கிறாங்க, கம்பெனிக்காரர் 41 தர்றேங்கிறார், டீக்கடையில 50. யாருக்கு ஊத்தட்டும்?"

எல்லோரும் ரேட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வீட்டில் அம்மா மூன்று மாடு வைத்திருக்கிறார், இந்தப் பத்து வருஷத்தில் எல்லா வழியிலும் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது. அவனுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 38. சொசைட்டி என்பது ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கம், அங்கே ஊற்றும் பால் ஆவினுக்குப் போகிறது. ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை 32லிருந்து 35 ஆக்கியது, எருமைப் பாலை 41லிருந்து 44. அப்புறம் 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் அரசு ஊக்கத்தொகை. ஆக 38, 47. அதே ஆவின் நீல பாக்கெட்டை லிட்டர் 40 ரூபாய்க்கு விற்கிறது. 38க்கு வாங்கி, குளிரவைத்து, லாரியில் ஏற்றி, காய்ச்சி, பாக்கெட் போட்டு 40க்கு விற்றால் எப்படிக் கட்டும் என்று கேட்கலாம். அந்த 3 ரூபாய் அரசுப் பணம். மீதிக்குப் பதில் கொழுப்பில் இருக்கிறது. நாம் ஊற்றும் பாலில் கொழுப்பு 4 சதவீதத்துக்கு மேல், நீல பாக்கெட்டில் இருப்பது 3 சதவீதம். இடையில் எடுக்கிற கொழுப்புதான் வெண்ணெயாகவும் நெய்யாகவும் தனியாக விலை போகிறது.

ஆனால் 38 என்பது தலைப்புச் செய்தி மட்டும்தான். சங்கமோ கம்பெனியோ, கையில் என்ன வரும் என்பதை ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்.பும்தான் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) முடிவு செய்யும். இதைப் புரிந்துகொள்ளாமல் 38ஐயும் 41ஐயும் ஒப்பிடுவது வீண் வேலை. பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் பால்மானி எத்தனை டிகிரி காட்டுகிறதோ அதை நான்கால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, ஒரு நிலையான சிறு எண்ணைச் சேர்த்தால் எஸ்.என்.எஃப். வந்துவிடும். கொழுப்பு 4, பால்மானி 28 என்றால் 8.2 பக்கம் நிற்கும். பால்மானி 27 என்றால் 8க்குக் கீழே போய்விடும். ஒரே ஒரு டிகிரிக்குக் கால் புள்ளி போகிறது, அந்தக் கால் புள்ளிக்கு விலைச் சார்ட்டில் எவ்வளவு வெட்டு என்பதுதான் உங்கள் உண்மையான ரேட்.

இதை நான் கண்ணால் பார்த்தது ஒரு கொள்முதல் நிலையத்தில் (எது என்று சொல்லப்போவதில்லை). அம்மா கறந்த சூட்டோடு, நுரை அடங்காத பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பார். நிலையத்துக்காரர் தூக்கிலிருந்து ஜாடியில் ஊற்றி உடனே பால்மானியை விடுவார், அது 26இல் நின்று ஆடும். "தண்ணி ஊத்திட்டீங்களாக்கா?" என்பார் சிரித்துக்கொண்டே, அம்மாவுக்கு முகம் சுண்டிப்போகும். பால்மானி 27 டிகிரி செல்சியஸுக்கு அளவிட்ட கருவி. பால் சூடாக இருந்தால் அது குறைத்துத்தான் காட்டும், கறந்த பாலில் சிக்கியிருக்கிற காற்றும் சேர்ந்து இன்னும் குறைக்கும். ஒருநாள் அதே பாலில் அரை லிட்டரைத் தனியாக எடுத்து, ஒரு மணி நேரம் தண்ணீர் வாளியில் வைத்துவிட்டு அளக்கச் சொன்னேன். 28.5. அன்றிலிருந்து அம்மா பத்து நிமிஷம் முன்னதாகவே கறந்து, கேனை வாளித் தண்ணீரில் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். வெப்பத்துக்குத் திருத்தம் போடுகிறார்களா, மெஷின் வைத்திருக்கிறார்களா, சீட்டு கையில் தருகிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் ரேட் கேளுங்கள்.

சரி, கம்பெனி. தனியார் பால் நிறுவனங்களைத் திட்டுவது எங்கள் ஊரில் ஒரு பொழுதுபோக்கு, நான் திட்டமாட்டேன். தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 2 கோடி லிட்டருக்கு மேல் பால் கறக்கிறார்கள், ஆவின் எடுப்பது அதில் சிறு பங்குதான். தனியார் இல்லையென்றால் பாதி ஊரில் பால் விற்க வழியே இருக்காது. வாரா வாரம் வங்கிக் கணக்கில் பணம் போடுகிற கம்பெனிகள் உண்டு, வீட்டுக்கு நாலு வீடு தள்ளியே எடுக்கிறார்கள், மாடு வாங்க முன்பணமும் தருகிறார்கள். முன்பணம் வாங்கினால் அது தீரும்வரை அவர் சொல்வதுதான் விலை, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கோடையில் 41 தருகிறவர் மழைக்குப் பின் 36 என்கிறாரே, ஏமாற்றா? பெரும்பாலும் இல்லை. மழை பெய்து பசுந்தீவனம் மண்டும் மாதங்களில் பால் பெருகும், பாக்கெட்டில் விற்றது போக மிச்சத்தைப் பவுடரும் வெண்ணெயும் ஆக்க வேண்டும். 100 கிலோ பாலில் கொழுப்பு நீக்கிய பவுடர் ஏறத்தாழ 9 கிலோ வரும், வெண்ணெய் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பவுடர் விலை கிலோவுக்கு 100 ரூபாய் விழுந்தால் ஒரு லிட்டர் பாலில் 9 ரூபாய் காணாமல் போகிறது. 2017-18இல் பவுடர் விலை சரிந்தபோதும் 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஓட்டலும் மூடியபோதும் பல தனியார்கள் விலையைக் குறைத்தார்கள், எடுப்பதையும் குறைத்தார்கள். ஊரடங்கில் அதுவரை சங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூடக் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கம்பெனி சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும். சங்கத்தின் விலையை அரசு உத்தரவு போட்டால்தான் மாற்ற முடியும், அதனால் ஏறுவதும் மெதுவாகத்தான். 2019 ஆகஸ்டில் 28லிருந்து 32 ஆனது, அடுத்த உயர்வுக்கு மூன்று வருஷம் ஆனது. அதற்குள் தீவன மூட்டை எத்தனை தடவை ஏறியது என்று கேட்காதீர்கள், வயிறு எரியும்.

வீட்டு வாடிக்கைக்கும் டீக்கடைக்கும் போனால் லிட்டருக்கு 50, டவுன் பக்கம் 60. ஃபேட் இல்லை, டிகிரி இல்லை, காசு உங்கள் கையில். பார்க்க இதுதான் அள்ளித் தருகிறது. நாங்கள் ஒன்றரை வருஷம் 22 வீட்டுக்கு ஊற்றினோம். விடிகாலை நாலரைக்குக் கறந்து, ஐந்தரைக்கு வண்டி எடுத்து, ஏழரைக்குத்தான் திரும்ப முடியும். மே மாதம் பாதி வீடு ஊருக்குப் போய்விடும், தீபாவளிக்கு எல்லோருக்கும் இரட்டிப்பு வேண்டும். மாட்டுக்கு இரண்டும் தெரியாது, அது பாட்டுக்குக் கறக்கும், சினையானால் கடைசி இரண்டு மாதம் வற்றும். வற்றிய மாட்டை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு அரை லிட்டர்தாங்க இருக்கு" என்று வாசலில் நிற்பதைவிட ஊரிலேயே வேறு மாட்டுக்காரரிடம் வாங்கி ஊற்றிவிடலாம் என்று ஆகிவிடும், அங்கிருந்து தண்ணீர் கலப்பதற்கு ரொம்பத் தூரமில்லை. பெட்ரோலும் இரண்டு மணி நேரக் கூலியும் போக, 50இல் எங்களுக்கு நின்றது 42, 43தான். பாக்கி வைத்த வீடுகள் தனிக் கணக்கு.

மதிப்புக்கூட்டு என்று யூடியூபில் சொல்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். நெய்யென்றால் 10 லிட்டர் பசும்பாலில் வீட்டு முறையில் 400 கிராம் எடுத்தால் பெரிது. கிலோ 800க்கு விற்றாலும் 320 ரூபாய். அந்தப் பாலை அப்படியே சங்கத்தில் ஊற்றியிருந்தால் 380! மோருக்கு ஆள் கிடைத்தால்தான் நெய் கட்டும். பன்னீருக்குப் பசும்பாலில் 10 லிட்டருக்கு ஒன்றரை கிலோ வரும், கிலோ 300க்குப் போனால் 450. அடுப்பும் ஆள் வேலையும் கழித்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, போதாததற்குப் பாமாயில் போட்டுச் செய்த மலிவுப் பன்னீரோடு ஓட்டல்காரரிடம் போட்டி போட வேண்டும். தயிர்தான் உண்மையில் காசு, 10 லிட்டர் ஏறத்தாழ 10 கிலோவாகவே நிற்கும், அதனால்தான் கம்பெனிகள் எல்லாம் தயிர் கப்புக்கு அவ்வளவு விளம்பரம் செய்கின்றன. ஆனால் குளிர்பெட்டி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) பதிவு, இரண்டு நாளில் விற்றே தீர வேண்டிய அவசரம் எல்லாம் கூடவே வரும். இரண்டு மாட்டுக்கு வேண்டாம்.

இப்போது வருஷக் கணக்கு. ஒரு மாடு 305 நாள் சராசரி 8 லிட்டர் என்றால் 2,440 லிட்டர். கம்பெனி கூடுதலாகத் தரும் 3 ரூபாய் வருஷத்துக்கு 7,320. பால் பெருகும் மூன்று மாதம் அவர் சங்கத்தைவிட 2 ரூபாய் குறைத்தால், அந்த 90 நாளில் கூடுதல் 3ஐயும் இழந்து மேலே 2ஐயும் இழக்கிறோம், 3,600 போய்விட்டது, மிச்சம் 3,720. சரி, இன்னும் கம்பெனிதான் மேலே. ஆனால் சினை ஊசி போட ஆள் வராமல் ஒரு பருவம் தவறினால்? மாடு மறுபடி பருவத்துக்கு வர 21 நாள். அந்த 21 நாளும் பிற்பாடு கறக்காத மாட்டுக்குத் தீவனம் போடும் நாளாக வந்து நிற்கும், நாளுக்கு 120 ரூபாய் வைத்தாலே 2,520. இரண்டு தடவை தவறினால் அந்த 3,720 முழுக்கப் போச்சு. கூப்பிட்ட அன்றே சினை ஊசி போட ஆள் வருகிற இடம் எதுவோ, அங்கே ஊற்றுவது லாபம். எங்கள் பக்கம் அது சங்கம், உங்கள் ஊரில் கம்பெனியாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சங்கத்தில் ஊற்றிய அளவுக்குத்தான் போனஸ், கோடையில் கம்பெனிக்குத் தாவிவிட்டு வந்தால் அதுவும் குறையும்.

எங்கள் வீட்டில் இப்போது காலைப் பால் முழுக்கச் சங்கத்துக்கு, மாலைப் பாலில் 5 லிட்டர் மட்டும் நடந்துபோகிற தூரத்தில் ஆறு வீட்டுக்கு. பத்து மாடு இருந்து, பக்கத்தில் குளிரூட்டும் நிலையமும் இருந்தால் நான் கம்பெனியோடுதான் பேசுவேன், பத்து மாட்டுப் பாலுக்குப் பேரம் பேச முடியும், இரண்டு மாட்டுக்கு முடியாது.

தம்பியிடம், "ரெண்டு பேரோட சார்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு, போன தை மாசம் கம்பெனி என்ன கொடுத்தாங்கன்னு பக்கத்து வீட்டு சீட்டை வாங்கிப் பாரு" என்றேன். சங்கத்துச் சார்ட் அன்று மாலையே வந்துவிட்டது. கம்பெனியுடையதைக் கேட்டால், "அதெல்லாம் மெஷின்ல இருக்குங்க" என்றாராம்.