மாங்குளத்தில் டிஃபரன்சியல் வேலைக்கு ஒரு நல்ல கராஜ்

ஏ-9 வீதியோரம் இருக்கும் இந்தச் சிறிய கராஜில் பழைய ஹைலக்ஸின் 8 அங்குலப் பின் டிஃபரன்சியலை (சுழற்சியைப் பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) நம்பி ஒப்படைக்கலாம். சத்தம் என்றதும் கழற்ற மாட்டார்கள். முதலில் ஓட்டிப் பார்க்கிறார்கள். வளைவில் இரைச்சல் கூடிக் குறைந்தால் சில்லுப் பெயாரிங்கைத்தான் சந்தேகிப்பார்கள். அக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் மாறினால் டிஃபரன்சியலின் பெரிய பற்சக்கரமான கிறவுண் வீல், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியன் பக்கம். ‘டக்’ என்று அடித்தால் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யுனிவர்சல் ஜொயின்ற்றை முதலில் அசைத்துப் பார்ப்பார்கள். வீண் செலவு அதிலேயே மிச்சமாகும்.

மாங்குளம் இருக்கும் வன்னியில் டிஃபரன்சியலுக்குப் பெரிய எதிரி தண்ணீர். சூடான அச்சு வாய்க்காலில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும். காற்றுப் போய்வரும் வழியான பிறீதர் அடைபட்டிருந்தால் சீல் வழியாக நீரை இழுக்கும். ஒயில் பால்தேநீர் நிறமாகும், பெயாரிங் துருப்பிடித்துக் குழி விழும்.

பொருத்தும் வேலைதான் இவர்களின் பலம். கிறவுண் வீலையும் பினியனையும் சோடியாகவே மாற்றுகிறார்கள். பினியன் பெயாரிங்குகளுக்கு இடையில் நசிந்துகொடுக்கும் ஸ்பேசர் எப்போதும் புதிது. பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து 0.13–0.18 மி.மீ.க்குள் கொண்டுவருகிறார்கள். பிறகு பற்களில் வண்ணம் பூசிச் சுற்றிப் பார்ப்பார்கள். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் ஷிம்மை (பினியன் நிற்கும் ஆழத்தைத் தீர்மானிக்கும் உலோக வளையம்) மெல்லியதாக்கி, நுனியில் விழுந்தால் தடிப்பாக்கி மறுபடி பூட்டுவார்கள். எத்தனை தரமென்றாலும் சலிப்பதில்லை. ஊற்றுவது ஜிஎல்-5 தர கியர் ஒயில்.

ஒரு குறை: பிறீதர் குழாயை உயர்த்திப் பூட்டும்படி நாங்கள்தான் கேட்கவேண்டும். மாரிக்கு முன்னரே கேட்டுச் செய்வியுங்கள்.