வெனிஸில் ஒரே நாள்: நடையா, படகா, கொண்டோலாவா?

சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படிக்கட்டுக்குக் கீழேயே ஊரின் பெரிய கால்வாயான கிராண்ட் கனால். காரும் பஸ்ஸும் பக்கத்திலுள்ள பியாட்சாலே ரோமாவோடு நின்றுவிடும். சான் மார்கோ சதுக்கமோ ஊரின் மறுகோடியில். காலையில் வந்து இரவு திரும்புகிறவர்கள் அங்கே எப்படிப் போகிறார்கள் என்பதிலேயே பாதி நாள் தீர்மானமாகிவிடும்.

பலரும் முதலில் ஓடுவது வபொரெட்டோவுக்கு, அதாவது டவுன் பஸ் போல ஓடும் படகுக்கு. 1ஆம் எண் படகு இரு கரையிலும் மாறி மாறி நின்று, சான் மார்கோ சேர முக்கால் மணி நேரம் ஆகும். 2025 நிலவரப்படி ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். நாலு பேர் போக வர 76 யூரோ. 24 மணி நேர பாஸ் 25 யூரோ என்பதால், மூன்று முறையாவது ஏறினால்தான் கட்டுப்படியாகும். காசைக்கூட விடுங்கள். காலை 10 மணிப் படகில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். கரையோர மாளிகைகளுக்குப் பதில் முன்னால் நிற்பவரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

நடந்தால் நேராக 35, 40 நிமிடம். படகை விடத் தாமதம் என்று சொல்ல முடியாது, செலவும் இல்லை. சுவர்களில் ரியால்டோவுக்கும் (நடுவிலுள்ள பாலமும் சந்தையும்) சான் மார்கோவுக்கும் வழிகாட்டும் மஞ்சள் பலகைகள் உண்டு. ஆனால் கூட்டம் மொத்தமும் ஸ்ட்ராடா நோவா தெரு வழியாகத்தான் போகும். நான் சொல்வது எதிர்க்கரை. நிலையத்தை ஒட்டிய ஸ்கால்ட்சி பாலத்தைத் தாண்டி, ஃப்ராரி தேவாலயம் வழியாகப் போங்கள். டிஷியன் வரைந்த மரியாளின் விண்ணேற்பு ஓவியம், 1518இல் வைக்கப்பட்ட அதே பலிபீடத்தின் மேல் இன்றும் இருக்கிறது. அப்புறம் ரியால்டோ மீன் சந்தை. ஞாயிறும் திங்களும் கிடையாது, மதியத்துக்குள் மூடிவிடுவார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோ, சக்கரப் பெட்டியோ இருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம். பாலத்துக்குப் பாலம் படிகள்.

துடுப்பு போட்டுச் செலுத்தும் ஒல்லியான படகான கொண்டோலாவின் கதை வேறு. அரசு நிர்ணயித்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். ஐவராகப் போனால் தலைக்கு 18 யூரோ; வபொரெட்டோவில் போய் வருவதைவிட ஒரு யூரோ குறைவு! இருவர் மட்டும் என்றால் ஆளுக்கு 45. அதை நான் தரமாட்டேன். தவிர, இது ஊர் சுற்றும் சவாரி. பெரும்பாலும் ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். ஏறுவதென்றால் சான் மார்கோ துறையைத் தவிர்த்து உள்ளே ஏதாவது சின்னக் கால்வாயில் ஏறுங்கள். வபொரெட்டோ நுழைய முடியாத இடம் அதுதான்.

கொண்டோலாவில் உட்கார்ந்தோம் என்று சொல்லிக்கொள்ள மட்டும்தான் ஆசையா? மீன் சந்தையிலிருந்து எதிரே சாந்தா சோஃபியா கரைக்கு டிராகெட்டோ, அதாவது கிராண்ட் கனாலைக் கடத்திவிடும் படகு, ஓடுகிறது. அதே வகைப் படகு, இரண்டு துடுப்புக்காரர்கள், வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. சில நிமிடத்தில் அக்கரை. அங்கிருந்து சான் மார்கோவுக்குக் கால் மணி நேர நடை.

ஆக என் ஓட்டு: காலையில் நடை, நடுவில் டிராகெட்டோ, திரும்பும்போது ஒரே ஒரு வபொரெட்டோ டிக்கெட். பகல் கூட்டம் கலைந்து, 7 மணிக்கு மேல் சான் மார்கோவுக்குப் பக்கத்திலுள்ள சான் சக்கரியா துறையில் 1ஆம் எண்ணில் ஏறினால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். நிலப்பரப்பிலுள்ள மெஸ்த்ரேவில் தங்கியிருந்தால் அவசரமே இல்லை, ரயிலில் பத்து நிமிடம்தான். மதியம் முழுக்கப் படகில் புரானோ தீவுக்கும் போய் வரலாம் என்பார்கள். ஒரே நாளில் அது பேராசை.

ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 2024இல் வந்த ஊர் நுழைவுக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். குறிப்பிட்ட நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 வரை மட்டும். 2025இல் முன்பே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. முட்டிவலிக்காரப் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் மேலே சொன்ன நடையை மறந்துவிட்டு, ஆளுக்கொரு 24 மணி நேர பாஸ் எடுப்பதே சரி.