திருக்கடையூர் வருகிறவர்களுக்கு: அந்த 'அரைநாள் கடற்கரை டூர்' பணத்தைக் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம், எழுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் எங்கள் அப்பாவுக்கு எழுபது முடிந்து, பீமரத சாந்தி செய்ய ஒன்பது பேர் போயிருந்தோம். கோயில் காரியம் வியாழக்கிழமை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை பூம்புகார், தரங்கம்பாடி பார்க்க ஒரு அரைநாள் டூருக்குப் பணம் கட்டினோம். போனது 14,700 ரூபாய். அதைவிட, அப்பா பல வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட இடத்துக்கு அரை கிலோமீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பார்க்கவிடாமலே திருப்பி அழைத்து வந்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பா அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர். தரங்கம்பாடி என்றால் மற்றவர்களுக்குக் கோட்டை, கடல். அவருக்கு அது ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் அச்சகம் நடத்திய ஊர். ஜெர்மனியில் இருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் வீணானது, அதனால் இங்கேயே ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்தாக வார்த்தார்கள், பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள் என்றெல்லாம் எங்களுக்குச் சின்ன வயதில் கதையாகச் சொல்வார். அதனால்தான் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பு மேசையில் அந்த நோட்டீஸைப் பார்த்ததும் நான் யோசிக்கவே இல்லை.

நோட்டீஸில் இருந்தது இது: காலை 7 மணி முதல் 1 மணி வரை, ஏ.சி. வேன், வரலாற்று வல்லுநர் கூடவே வருவார், பூம்புகாரில் படகுச் சவாரி, டேன்ஸ்பர்க் கோட்டை அருங்காட்சியகம், 'தரங்கம்பாடியின் பழைய தெருக்களில் நடைப்பயணம்'. ஆளுக்கு 1,500 ரூபாய், எல்லாம் உட்பட. போனில் பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். "அச்சகம் இருந்த இடத்தை அப்பாவுக்குக் காட்டணும்" என்று சொன்னேன். "கண்டிப்பா அக்கா, அதுக்குன்னே அரைமணி ஒதுக்கிடறோம்" என்றார். ஜிபேயில் 5,000 முன்பணம் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்.

வேன் வந்தது 8.20க்கு. ஏ.சி. இல்லை. கேட்டதற்கு "அந்த வண்டி ரிப்பேர், கடற்கரைக் காத்து வரும்க்கா" என்றார் உடன் வந்த இளைஞர். அவர்தான் வரலாற்று வல்லுநர். வண்டி கிளம்பும் முன்பே மீதி 8,500ஐயும் வாங்கிக்கொண்டார். அங்கேயே மறுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், அப்பா புதுவேட்டியோடு தயாராக நிற்கிறார், நல்ல நாள் அதுவுமாக எதற்குச் சண்டை என்று கொடுத்துவிட்டேன். விசேஷத்துக்கு வந்த குடும்பம் இப்படித்தான் யோசிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பூம்புகாரில் ஆரம்பித்தது பொய். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காட்டி "கோவலன் வீடு இருந்த இடம், அரண்மனை மாதிரி அப்படியே இருக்கு பாருங்க" என்றார். அது 1973இல் கட்டியது. அப்புறம் கடலைக் காட்டி, பதினோராயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழர் நகரம் கடலுக்கடியில் அப்படியே இருக்கிறது, படகில் போனால் மேலே இருந்தே மதில் தெரியும் என்றார். படகு உட்பட என்றுதானே போட்டிருந்தீர்கள் என்றேன். அது கரையோரச் சவாரிக்கு, நகரத்தைப் பார்க்க ஆளுக்கு 300 தனி என்றார். என் தங்கையும் அவள் கணவரும் பிள்ளைகள் இரண்டு பேரும் போனார்கள். 1,200 ரூபாய்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு பொய்யை வைத்துத்தான் அங்கே காசு பார்க்கிறார்கள். பூம்புகார்க் கடலில் ஆய்வு நடந்தது உண்மை. 1981இல் தொடங்கி தமிழ்நாடு தொல்லியல் துறையும் கோவாவில் இருக்கும் தேசியக் கடலாய்வு நிறுவனமும் தேடியிருக்கிறார்கள். கரையில் இருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஒரு அமைப்பு இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். அது என்ன, எந்தக் காலம் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பதினோராயிரம் வருஷம் என்பது நிரூபிக்கப்பட்டதே இல்லை. 23 மீட்டர் என்றால் ஏழு மாடி உயரம். முக்குளிக்கும் ஆட்கள் தகுந்த கருவிகளோடு இறங்கினால்தான் உண்டு. கலங்கிய தண்ணீரில் ஒரு ஃபைபர் படகின் விளிம்பில் இருந்து யாருக்கும் எதுவும் தெரியாது.

படகு இருபது நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது. நான்கு பேரில் ஒருவருக்கும் உயிர்காப்பு உடை தரவில்லை. என் தங்கை மகனுக்கு எட்டு வயது. அலை தூக்கிப் போட்டதில் அவன் பயந்து அழுதுகொண்டே இறங்கினான். அவனைக் கரையில் இருந்து பார்த்த நிமிஷம் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். படகுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மீன் பிடிக்கிறவர். "சுத்திட்டு வரணும்னுதான் சொன்னாங்க. நகரம் தெரியும்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லம்மா" என்று என் தங்கையிடம் வருத்தப்பட்டாராம். 1,200இல் அவர் கைக்குப் போனது 400 என்றும் சொன்னாராம்.

உண்மையில் பூம்புகாரில் பார்க்க வேண்டியது நிலத்திலேயே இருக்கிறது. 1960களில் கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. படகு கட்டும் மரத்தூண்களும் அதிலேயே இருந்தன. காலம் சுமார் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. பல்லவனீச்சரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம் இருக்கிறது. காவிரி கடலில் கலக்கும் பெருந்துறைமுகம் ஒன்று இங்கே இருந்தது என்பதற்கு மண்ணில் கிடைத்த சாட்சிகள் இவை. எங்கள் 'வல்லுநர்' இவற்றின் பெயரைக்கூட எடுக்கவில்லை. அங்கே கமிஷன் கிடைக்காது.

கமிஷன் கிடைக்கும் இடத்தில் நிறுத்தினார். தரங்கம்பாடி போகும் வழியில் சங்கு, முத்து, பட்டுப்புடவை எல்லாம் விற்கும் ஒரு கடை. "பத்து நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க" என்றவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். வேன் டிரைவரும் காணோம். வெயிலில் வண்டிக்குள் அம்மாவுக்கு மயக்கம் வருகிற மாதிரி ஆகிவிட்டது.

தரங்கம்பாடியில் இறங்கும்போது மணி 12.15. கோட்டைக் கதவு பூட்டியிருந்தது. "மராமத்து வேலை நடக்குது, திடீர்னு மூடிட்டாங்க" என்றார். என் அண்ணன் மகள் வாசலில் இருந்த பலகையை உரக்க வாசித்தாள். வெள்ளிக்கிழமை விடுமுறை. டேன்ஸ்பர்க் கோட்டை அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையுடையது, வாராவாரம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். தினமும் டூர் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே வெள்ளிக்கிழமைக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

வெளியில் நின்றே கதை சொன்னார். "டச்சுக்காரன் கட்டின கோட்டை" என்றார். அப்பா பொறுமையாக "டச்சு இல்ல தம்பி, டேனிஷ். டென்மார்க்" என்றார். "ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா."

ரெண்டும் ஒன்று இல்லை. டென்மார்க்கில் இருந்து முதலில் வந்த கப்பலைக் காரைக்காலுக்கு எதிரே போர்த்துக்கீசியர் தகர்த்தார்கள். தப்பியவர்கள் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1620இல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இந்தக் கடற்கரை ஊரை விட்டுக்கொடுத்தார். இருநூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, 1845இல் தங்கள் மற்ற இந்திய இடங்களோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கரையோரம் கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலைச் சோழர் கோயில் என்றார் எங்கள் 'வல்லுநர்'. அது 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. தமிழில் அச்சடித்த முதல் புத்தகமே தரங்கம்பாடியில்தான் என்றும் சொன்னார். அங்கே அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது, சீகன்பால்கு கப்பலில் இருந்து இங்கே இறங்கியதே 1706 ஜூலையில்தான் என்றார். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி தம்பி, அந்த அச்சகம் இருந்த இடத்தைக் காட்டுங்க" என்று அப்பா கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க ஐயா, இடிஞ்ச வீடு. டைமும் ஆயிடுச்சு. இன்னும் ஒரு மணி நேரம்னா ஆயிரம் ரூபா எக்ஸ்ட்ரா." அப்பா என் முகத்தைப் பார்த்தார். "வேணாம்மா, போலாம்" என்றார். வேனில் திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவும் நானும் அண்ணன் மகளும் டவுன் பஸ் ஏறினோம். திருக்கடையூரில் இருந்து தரங்கம்பாடி எட்டு கிலோமீட்டர் சொச்சம். பஸ் காசு மூன்று பேருக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பழைய கோட்டைவாசலில் இருந்து கடல் வரை மெதுவாக நடந்தாலே பதினைந்து நிமிஷம்தான். சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், கோட்டை எல்லாம் அந்த ஒரே நடையில் வந்துவிடும். சீகன்பால்கு குடியிருந்த வீடு 'இடிஞ்ச வீடு' இல்லை. பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1718இல் அவரே கட்டி எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷமே இறந்துவிட்டார், வயது 36. அப்பா அங்கே கல்லறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். பிறகு வெளியே வந்து மரநிழலில் உட்கார்ந்து, பேத்தியின் நோட்டில் 'அ'வைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுதிக் காட்டினார். இப்படித்தான் வாசிக்கப் பழகணும், அப்பதான் கோக்க முடியும் என்று.

பணம் கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலையே போன் செய்தேன். முதலில் பேசிய மரியாதைக்காரர் "வண்டி வந்துச்சுல்ல, கடல் பாத்தீங்கல்ல" என்று வைத்துவிட்டார். கூகுளில் நடந்ததை எழுதிய பிறகு அவரே கூப்பிட்டார். எழுதியதை அழித்தால் 2,000 திருப்பித் தருகிறேன் என்றார். அழிக்கவில்லை. நல்லவேளையாக நோட்டீஸைப் படம் எடுத்து வைத்திருந்தேன், ஜிபே ரசீது இருக்கிறது, பூட்டிய கதவும் பலகையும் சேர்ந்து தெரிகிற படம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 8,500க்கும் 1,200க்கும்தான் ரசீது கேட்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் அதை மட்டும் விடாதீர்கள். எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசினார்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். ஐந்து லட்சத்துக்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை.

வழிகாட்டி கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பையனிடம் கேட்டபோது கம்பெனி விசிட்டிங் கார்டை நீட்டினான். வெள்ளிக்கிழமை மட்டும் தரங்கம்பாடிக்கு நாள் குறிக்காதீர்கள். முழுப்பணத்தை வண்டி கிளம்பும் முன் கொடுக்காதீர்கள். மீன்பிடிப் படகில் உயிர்காப்பு உடை இல்லாமல் பிள்ளைகளை, பெரியவர்களை ஏற்றவே ஏற்றாதீர்கள், யார் எந்த நகரத்தைக் காட்டுகிறேன் என்றாலும் சரி.

விடுதி மேலாளரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "நாங்க நோட்டீஸ் வைக்க இடம் குடுக்கறதோட சரிங்க, வேற சம்பந்தம் இல்ல" என்றார். நாங்கள் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு குடும்பம், மாலை போட்ட தாத்தா பாட்டியோடு, அதே நோட்டீஸைக் கையில் வைத்து விலை பேசிக்கொண்டிருந்தது. அவர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். நோட்டீஸைத் திரும்ப வைத்துவிட்டு, தரங்கம்பாடி பஸ் எங்கே நிற்கும் என்று அந்தத் தாத்தா அப்பாவிடம் கேட்டார்.