சொலிசிட்டர் வழியாகவா, நேராக பாரிஸ்டரிடமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விபத்துக் காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்பவரும் சரி, பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்று வழக்காடுபவரும் சரி, முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். வழக்கின் காகித வேலைகளைக் கவனிக்கும் வக்கீலான சொலிசிட்டரைப் பிடித்து, அவர் மூலம் நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீலான பாரிஸ்டரை அமர்த்துவதா? நேராக பாரிஸ்டரிடமே போவதா? 2004 முதல் இரண்டாவது வழியும் திறந்திருக்கிறது. அதற்கென்று பயிற்சி முடித்த பாரிஸ்டர், மக்களிடமிருந்து நேரடியாக வழக்கு எடுக்கலாம். ஆனால் இந்த இரண்டு வழக்குகளுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

காய வழக்கென்றால் நான் சொலிசிட்டர் பக்கம்தான். 'நோ வின் நோ ஃபீ', அதாவது ஜெயிக்காவிட்டால் கட்டணம் இல்லை என்ற ஏற்பாடு அங்கே பரவலாகக் கிடைக்கிறது. வென்றால் அவர் எடுக்கும் வெற்றிக் கட்டணத்துக்கு, நஷ்ட ஈட்டில் 25 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. அதைக் கணக்கிடும்போது எதிர்காலச் சம்பள இழப்புக்காகவும் பராமரிப்புக்காகவும் வரும் தொகையைச் சேர்க்கக் கூடாது. மருத்துவ அறிக்கை வாங்குவது, இன்சூரன்ஸ்காரர்களுக்கு மாதக்கணக்கில் கடிதம் எழுதுவது, வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடுவைத் தவறவிடாமல் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. உடம்பு வலியோடு இருப்பவர் இதையெல்லாம் தனியாகச் சுமக்கக் கூடாது.

குடும்ப வழக்கில் கதை மாறுகிறது. 'நோ வின் நோ ஃபீ'யைச் சட்டமே தடுக்கிறது. பிரிந்த தம்பதியரின் பெரும்பாலான வழக்குகளுக்கு 2013 ஏப்ரலோடு அரசுச் சட்ட உதவியும் நின்றுபோனது. குடும்ப வன்முறைக்கு ஆதாரம் இருப்பவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, இன்னும் கிடைக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கைக்காசுதான். இங்கே நேரடி வழி நன்றாகக் கைகொடுக்கும். ஒரு விசாரணைக்கு இவ்வளவு என்று பெரும்பாலும் முன்கூட்டியே தொகை பேசிவிடலாம்.

விலை வேறு வடிவத்தில் வரும். பெரும்பாலான பாரிஸ்டர்கள் உங்களுக்காக மனுத் தாக்கல் செய்ய முடியாது, உங்கள் பணத்தையும் கையில் வைத்திருக்கக் கூடாது. விவாகரத்தில் சொத்து பிரிக்கும் வழக்கில் உங்கள் சொத்து விவரம் தரும் 'ஃபார்ம் ஈ' படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வங்கிக் கணக்குக்கும் 12 மாத ஸ்டேட்மென்ட் வேண்டும். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மேசையில் பரப்பி அடுக்கும்போது ஒரு மாதத்துத் தாள் காணாமல் போனால், 'எதை மறைக்கிறீர்கள்?' என்று எதிர்த்தரப்பு கேட்கும். பக்க எண் போட்ட கோப்பு நீதிபதியிடம் ஒன்றும் பாரிஸ்டரிடம் வேறொன்றுமாக இருந்தால் காலை நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

அப்புறம், அதே சொத்து வழக்கில் வரும் எஃப்.டி.ஆர். (ஃபைனான்ஷியல் டிஸ்ப்யூட் ரெசல்யூஷன்) என்ற சமரச விசாரணை. தான் தீர்ப்புச் சொல்வதானால் எப்படிப் பிரிப்பேன் என்று நீதிபதி கோடி காட்டுவார். ஒத்துவராவிட்டால் இறுதி விசாரணை வேறு நீதிபதியிடம் போகும். சமரச விசாரணை நீதிபதி சொன்னதை வைத்துக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலோடு தொகை பேச அனுபவசாலி வேண்டும். காசு இறுக்கமாக இருந்தால், மற்ற நாட்களைச் சமாளித்துக்கொண்டு இந்த ஒரு நாளுக்காவது பாரிஸ்டரை வையுங்கள் என்பேன். துணைவர் சொத்தை ஒளிக்கிறார், மிரட்டுகிறார், அல்லது படிவங்களின் ஆங்கிலமே புரியவில்லை என்றால் மட்டும் நேரடி வழி வேண்டாம்.

நேரடியாகப் போவதென்று முடிவெடுத்தால் பாரிஸ்டரின் கட்டணத்தையும் தேதிகளையும் பேசும் கிளார்க்கிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கோப்பைப் படிக்கும் நேரமும் கட்டணத்தில் அடக்கமா? விசாரணை தள்ளிப்போனால் மறுபடி கட்ட வேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பணத்தைக் கட்டுங்கள்.