துணி நூலுக்குள் ஏற்கெனவே இருந்ததா, புதிதாகத் தோன்றியதா?

நூல்கள் சேர்ந்தால் துணி. அது நூல்களைத் தாண்டிய தனிப்பொருளா என்பதற்கு இந்தியத் தத்துவத்தில் மூன்று பெரிய பதில்கள் உண்டு. மூன்றையும் படித்த பிறகு நான் நியாயம், வைசேடிகம் என்ற இரு தத்துவ மரபுகள் சேர்ந்த நியாய-வைசேடிகத்தின் பக்கம் நிற்கிறேன்.

பௌத்தர்களுக்கு முழுமை என்று தனியே ஒன்று இல்லை; சக்கரம், அச்சு முதலியவற்றுக்கு நாம் இட்ட பெயர்தான் தேர். சாங்கியம் என்ற மரபினரோ துணி நூலுக்குள்ளேயே மறைந்திருந்தது என்பார்கள். எண்ணெய் எள்ளில்தான் வரும், மணலில் வராது; இல்லாதது தோன்றாது. வலுவான வாதம். சைவ சித்தாந்தமும் இதை ஏற்கிறது.

அதுவரை இல்லாத ஒரு பொருள் தோன்றுகிறது என்பது நியாய-வைசேடிகம். அவர்கள் காரணங்களைப் பிரித்த விதம்தான் என்னை இழுத்தது. நமக்குப் பழகிய சித்தாந்தப் பட்டியலில் குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். நியாய-வைசேடிகத்தின் அறிமுகப் பாடப்புத்தகமான தருக்க சங்கிரகம் வேறு மாதிரி பிரிக்கிறது. துணிக்கு நூல் சமவாயி காரணம், அதாவது துணி எதில் பிரியாமல் தங்குகிறதோ அது. நூல்களின் சேர்க்கை அசமவாயி காரணம், அதாவது அந்த நூல்களில் இருந்துகொண்டே துணியை உண்டாக்குவது. தறியும் நெய்பவரும் நிமித்தத்தில் அடங்கிவிடுவார்கள். சேர்க்கைக்கென்றே தனி இடம்! கட்டாகக் கிடக்கும் நூலுக்கும் நெய்த நூலுக்கும் எடை ஒன்றுதான். ஆனால் ஒன்றைப் போர்த்திக்கொள்ளலாம், மற்றதை முடியாது. இந்த வேறுபாட்டுக்கு நூலைக் காரணம் காட்ட முடியாது, அது இரண்டிலும் இருக்கிறது. சேர்க்கையைத்தான் காட்ட வேண்டும்.

நெசவு மறைந்திருந்ததை வெளிப்படுத்துகிறது, அவ்வளவுதான் என்று சாங்கியர் சொல்லலாம். சரி, அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா? இருந்தது என்றால் நெசவாளிக்கு வேலையே இல்லை. இல்லை என்றால் புதிதாக ஒன்று தோன்றியதை ஒப்புக்கொண்டாயிற்று.

பௌத்தரை மடக்குவது இவ்வளவு சுலபமில்லை. அடுக்கு மாறியது, புதுப்பொருள் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கூடவே வருகிறதே என்பது நியாய மரபின் மூலமான நியாய சூத்திரத்தின் பதில். ஆனால் அரக்கால் ஒட்டிய புல்லும் கல்லும்கூட அப்படி வரும் என்ற மறுப்பை உரைகாரர் வாத்ஸ்யாயனரே எழுப்புகிறார். அதனால் அந்த வாதத்தை நான் பாதிதான் நம்புகிறேன்.

நான் நிற்கும் நியாய-வைசேடிகப் பக்கத்திலும் ஒரு சுமை உண்டு. ஒரு நூலை உருவினால் பழைய சேர்க்கை அழிகிறது, அதோடு பழைய துணியும் அழிந்து, 'கண்டபடம்' (துண்டான துணி) என்ற வேறு துணி தோன்றுகிறது என்கிறார்கள். ஓரம் பிரிந்த வேட்டியை நேற்றைய வேட்டி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம்தான். ஆனால் எத்தனையாவது நூலில் நிறுத்துவது என்பதைச் சேர்க்கையை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.