கோபி டயாலிசிஸ் சென்டர்: ஊசி போடுகிற கைக்கு முழு மார்க், மற்றதற்கு சுமார்தான்

டயாலிசிஸுக்கு இடம் தேடுகிறவர்கள் ஏசி உண்டா, டிவி உண்டா என்று விசாரிக்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். ஊசி போடுவது யார் என்று கேளுங்கள்.

முன்னால் அம்மாவை ஈரோட்டில் வேறோர் இடத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தோம், பெயர் வேண்டாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரெண்டு ரத்தக்குழாயை ஆபரேஷனில் இணைத்தது) புதுசு, நரம்பு, அதாவது அந்த ரத்தக்குழாய், சரியாகத் தடிக்கவில்லை, அங்கே ஆளும் மாறிக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு வந்த பையன் தொட்டுக்கூடப் பார்க்காமல் குத்தியதில் ஊசி நரம்பின் மறுபக்கச் சுவரையும் துளைத்துவிட்டது. மிஷின் ஓட ஆரம்பித்ததும் கை பொதபொதவென்று வீங்கியது, மறுநாள் முழங்கை வரை கத்தரிக்காய் நிறம். முதல் நாள் ஐஸ், அப்புறம் வெந்நீர் ஒத்தடம், கைக்கு ஓய்வு. டயாலிசிஸுக்காக முன்னால் கழுத்தில் போட்ட கதீட்டர் குழாயை இன்னும் எடுக்காததால் டயாலிசிஸ் நிற்காமல் தப்பித்தோம்.

இப்போது போவது கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிற இந்த சென்டருக்கு. இங்கே இருக்கிற டெக்னீசியன் அக்கா, முதலில் கையை சோப்பு போட்டுக் கழுவச் சொல்கிறார். அப்புறம் ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்து அந்த 'உர்ர்' அதிர்வு இருக்கிறதா என்று பார்த்து, போன தடவை குத்தின இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் குத்துகிறார். ஆரம்பத்தில் 17 கேஜ் ஊசிதான் போட்டார், நம்பர் கூடினால் ஊசி சன்னம்.

"ஏங்கண்ணு, பழைய எடத்துலயே குத்தீரு, அங்க வலி தெரியறதில்ல" என்று அம்மா கெஞ்சினாலும், "வேண்டாங்கம்மா, ஒரே எடத்துல குத்துனா பொடச்சுக்குமுங்க" என்று மறுத்துவிடுவார். பக்கத்துக் கட்டில் பெரியவர் கையில் அப்படிப் புடைத்த மேடு ரெண்டு இருக்கிறது, வேறெங்கோ வாங்கிக்கொண்டு வந்தது.

கையைப் போர்வையால் மூட விடமாட்டார்கள். ரத்தம் திரும்புகிற ஊசி நழுவினால் மிஷின் எல்லா நேரமும் அலாரம் அடிக்காது, கண்ணால் பார்த்தால்தான் தெரியும். முடிந்ததும் ஊசி முழுசாக வெளியே வந்த பிறகே அழுத்துகிறார்கள், அதற்கு முன் அழுத்தினால் நரம்பு கிழியும். பத்து நிமிஷமாவது பிடித்திருக்க வேண்டும், நடுநடுவே பஞ்சைத் தூக்கிப் பார்க்கக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. காலை ஷிப்ட் அடிக்கடி தாமதம், முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு வேலைக்கு ஒரே கவுண்டர், கூட வருகிறவர்களுக்கு நாற்காலி போதாது. டீ வெளியில் குடித்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா லீவு போட்டால் வருகிறவரும் பரவாயில்லை, ஆனால் புது ஃபிஸ்டுலாவோடு வருகிறவர்கள் முன்கூட்டியே போன் போட்டு அவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.